சதுரம் போட்ட புல்வெளி

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்துத் தலப்படத்தை முதன்முறையாக விரித்துப் பார்ப்பவர், ஒரே தாளில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதை உடனே கண்டுகொள்வார். ஒரு கை எழுதியது பழுப்பு நிறக் கோடுகள். அவை நெளிகின்றன, சுழல்கின்றன, தம்மைத் தாமே வளைத்து மூடிக்கொள்கின்றன. இன்னொரு கை எழுதியது கறுப்பும் சிவப்புமான நேர்கோடுகள். வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஓடும் அவை மைலுக்கு மைல் வெட்டிக்கொண்டு தாள் முழுவதையும் சதுரங்களாக்குகின்றன. பழுப்புக் கோடுகள் நிலத்தின் உயரத்தைச் சொல்பவை. அந்த மேடு பள்ளங்களை உண்டாக்கியது பனிக்கட்டி. நேர்கோடுகளைப் போட்டது ஒட்டாவாவில் இருந்த அரசாங்கம். குன்று வந்தாலும் குளம் வந்தாலும் நேர்கோடு விலகுவதில்லை.

விலகும் இடங்களும் சில உண்டு. சாலை திடீரென்று இருநூறு அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி நேராகப் போகிறது. ஆற்றோரத்தில் மட்டும் சதுரங்கள் மறைந்து நீள நீளமான துண்டு நிலங்கள் தோன்றுகின்றன. ஒரு எல்லைக்கோட்டைத் தொட்டதும் சதுர வலை சட்டென்று நின்றுவிடுகிறது. இந்தப் பிசிறுகளைத் தேடிப் படிக்கத் தெரிந்தவருக்கு, கோதுமை விளையும் அந்தச் சமவெளியின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு தாளிலேயே கிடைக்கும்.

மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்கு வடக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் டச்வுட் குன்றுகளை எடுத்துக்கொள்ளலாம். கனடாவின் தேசியத் தலப்பட வரிசையில் வின்யார்ட் என்று பெயரிட்ட தாளிலும், அதற்குக் கிழக்கே ஒட்டியுள்ள யார்க்டன் தாளிலும் இந்தப் பகுதி அடங்குகிறது. பனிக்கட்டி, பழங்குடிகள், நில அளவையாளர்கள், ரயில் கம்பெனி, குடியேறிய உழவர்கள் எல்லோருடைய தடமும் இங்கே அருகருகே இருக்கிறது.

பனி போன தடம்

பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு கனடாவின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்படலம் உருகிப் பின்வாங்கியது. போகும்போது அது இழுத்து வந்த மண்ணையும் கல்லையும் அங்கங்கே கொட்டிவிட்டுப் போனது. அப்படிக் குவிந்த மேடுகளில் டச்வுட் குன்றுகளும் சேரும். மண்ணுக்குள் புதைந்து கிடந்த பனிக்கட்டிகள் பின்னால் மெல்ல உருகியதில் மேல்மண் உள்வாங்கிக் குழிகள் விழுந்தன. ஊர்க்காரர்கள் ‘ஸ்லூ’ என்று சொல்லும் இந்தக் குழிக்குளங்கள் தலப்படத்தில் நீலப் புள்ளிகளாகக் கொட்டிக் கிடக்கின்றன. வசந்தத்தில் நிறைந்து கோடையில் வற்றும் குளமென்றால் கரையை விட்டுவிட்டுப் போட்ட கோட்டால் காட்டுவார்கள். நீரில்லாப் பள்ளமென்றால் சம உயரக்கோட்டின் உட்புறத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். அந்தப் பற்களைக் கவனிக்காதவர் பள்ளத்தைக் குன்று என்று படித்துவிடுவார்.

இந்தக் குளங்களில் பலவற்றுக்கு வாய்க்கால் கிடையாது. விழுந்த மழையும் உருகிய பனியும் அங்கேயே தேங்கி, ஊறி, ஆவியாகிப் போகவேண்டும். ஆற்றோடு தொடர்பே இல்லாத நீர்ப்பிடிப்புகள் இங்கே ஏராளம். தாளில் நீலம் நிறைய இருந்தும் ஓடும் நீலம் குறைவாக இருப்பதன் காரணம் அதுதான்.

தெற்கே ரெஜைனா தாளுக்குப் போனால் காட்சி தலைகீழ். பனி உருகிய காலத்தில் அங்கே பெரிய ஏரி ஒன்று தேங்கி நின்றது. அதன் அடியில் படிந்த களிமண்தான் இன்றைய ரெஜைனா சமவெளி. அங்கே ஒரு சம உயரக்கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே மைல்கணக்கில் வெற்றுத் தாள். இரண்டுக்கும் நடுவே கப்பெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நூறு மீட்டருக்கு மேல் ஆழமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் இன்று ஓடுவதோ சிறிய ஆறு. இவ்வளவு பெரிய பள்ளத்தை இவ்வளவு சின்ன ஆறு வெட்டியிருக்க முடியாது. வெட்டியது பனி உருகிய வெள்ளம்.

சங்கிலி வந்த கதை

பழுப்புக் கோடுகள் குறிக்கும் நிலம் பழையது. ஆனால் காகிதத்தில் முதலில் விழுந்தவை நேர்கோடுகளே.

1869இல் ஹட்சன் பே கம்பெனியிடமிருந்து ரூப்பர்ட்ஸ் லேண்ட் என்ற மாபெரும் நிலப்பரப்பை மூன்று லட்சம் பவுண்டுக்குக் கனடா வாங்க ஒப்புக்கொண்டது. கைமாற்றம் முடிவதற்கு முன்பே நில அளவையாளர்கள் அனுப்பப்பட்டார்கள். அங்கே குடியேற்றக்காரர்களை நிரப்பவேண்டும், பசிபிக் கடல்வரை ரயில் போடவேண்டும், தெற்கே அமெரிக்கா முந்திக்கொள்வதற்குள் எல்லாவற்றையும் முடிக்கவேண்டும் என்ற அவசரம் அரசாங்கத்துக்கு இருந்தது. அமெரிக்கா 1785ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஓஹையோவுக்கு மேற்கே நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி விற்றுவந்தது. கனடாவும் அதே வழியில் இறங்கியது.

1871 ஜூலை 10 அன்று வினிபெக்குக்குச் சற்று மேற்கே முதல் அடையாளம் நடப்பட்டது. அதன் வழியாக வடக்குத் தெற்காகப் போன கோடு முதல் மெரிடியன். மேற்கே 102, 106, 110, 114 பாகைத் தீர்க்கரேகைகளில் இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் மெரிடியன்கள் அமைந்தன. தெற்கில் 49ஆம் பாகையில் ஓடும் அமெரிக்க எல்லையே அடிக்கோடு. அங்கிருந்து வடக்கே ஆறு மைலுக்கு ஒரு டவுன்ஷிப் வரிசை. மெரிடியனிலிருந்து மேற்கே ஆறு மைலுக்கு ஒரு ரேஞ்ச். ஆறுக்கு ஆறு மைல் கொண்ட ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 36 செக்‌ஷன்கள். செக்‌ஷன் என்பது ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதை நான்காக்கினால் 160 ஏக்கர் கொண்ட குவார்ட்டர்.

செக்‌ஷன்களுக்கு எண் போடுவது தென்கிழக்கு மூலையில் தொடங்கும். ஒன்று முதல் ஆறு வரை மேற்கே போய், அதற்கு மேல் வரிசையில் ஏழு முதல் பன்னிரண்டு வரை கிழக்கே திரும்பும். சால் முடிந்ததும் உழவர் ஏரைத் திருப்பிக்கொண்டு வருவதைப் போல. அமெரிக்காவில் இதே எண்வரிசை வடகிழக்கு மூலையில் தொடங்கும். எல்லையின் இருபுறத்துத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது.

டச்வுட் பகுதியில் ஒரு நிலத்தின் முகவரி இப்படி இருக்கும்: வடமேற்குக் குவார்ட்டர், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 28, ரேஞ்ச் 16, இரண்டாம் மெரிடியனுக்கு மேற்கே. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் இல்லாமலே பூமிப் பரப்பில் ஒரு 160 ஏக்கரை இந்த வரி தனித்துக் காட்டிவிடும். தாளின் ஓரத்தில் அச்சான டவுன்ஷிப், ரேஞ்ச் எண்களையும் சதுரத்துக்குள் இருக்கும் செக்‌ஷன் எண்ணையும் சேர்த்தால் விரலை நேராக அந்த வயலில் வைத்துவிடலாம்.

அளக்கப் பயன்பட்ட கருவி தமிழ்நாட்டு நிலப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்நியமானதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்த 66 அடிச் சங்கிலிதான் அது. அதில் நூறு கண்ணிகள். எண்பது சங்கிலி ஒரு மைல், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பிரிட்டிஷ் ஆட்சி அதே சங்கிலியைச் சென்னை மாகாணத்து வயல்களிலும் இழுத்தது. பழைய புலப்படங்களில் அளவுகள் ‘லிங்க்ஸ்’ என்று இருப்பதும், ஆயிரம் சதுரக் கண்ணி சேர்ந்து ஒரு சென்ட் ஆவதும் அதன் எச்சம். ஆனால் வேலை நடந்த வரிசை இரண்டு இடங்களிலும் வேறு. தமிழகத்தில் வரப்பும் வாய்க்காலும் களத்துமேடும் ஏற்கெனவே இருந்தன; சங்கிலி அவற்றைப் பின்தொடர்ந்து போய் வளைந்தபடியே அளந்துகொண்டது. சஸ்காட்சுவானில் சங்கிலி முன்னே போனது. உழவர், வேலி, சாலை, ஊர் எல்லாம் அது போட்ட கோட்டின் மேல் பின்னால் வந்து உட்கார்ந்தன.

செக்‌ஷன் மூலைகளில் குழி தோண்டி, மண்ணைக் குவித்து, கம்பம் நட்டு அடையாளம் செய்தார்கள். வழியில் எதிர்ப்பட்ட குளம், மரக்கூட்டம், மண்ணின் தரம், வண்டித்தடம் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார்கள். அந்தக் குறிப்பேடுகளிலிருந்து, நாற்பது சங்கிலிக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில், டவுன்ஷிப்புக்கு ஒரு படம் ஒட்டாவாவில் வரையப்பட்டது. 1890களில் மூன்று மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில் செக்‌ஷனல் மேப் வரிசை வெளிவரத் தொடங்கியது. நிலம் தேடி வந்தவர்கள் கையில் இருந்தவை இத்தகைய படங்கள்தான். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவையில், வான்வழிப் புகைப்படங்களிலிருந்து நுணுக்கமாக எடுத்த சம உயரக்கோடுகளோடு, இன்றுள்ள தாள்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. கனடா முழுவதற்குமான அந்த வரிசை 13,000 தாள்களுக்கு மேல் நீண்டு, 2012இல்தான் நிறைவு பெற்றது.

சங்கிலியை மிதித்தவர்

ஒட்டாவாவின் கோடு முதன்முதலில் தடுக்கப்பட்டது சிவப்பாற்றங்கரையில், இன்றைய வினிபெக்கை ஒட்டி. பிரெஞ்சு, ஸ்காட்டிஷ் தந்தையருக்கும் க்ரீ, ஒஜிப்வே தாய்மாருக்கும் பிறந்த வழியில் வந்த மேட்டி மக்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்தார்கள். அவர்களுடைய நிலம் சதுரமல்ல. ஆற்றங்கரையில் குறுகலான முகப்பு, பின்னால் ஒன்றிரண்டு மைல் நீளம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரும் மீனும் கரைமரமும் கிடைக்கும். அதற்குப் பின்னால் உழவு. அதற்கும் பின்னால் புல் அறுக்கும் நிலம். வீடுகள் எல்லாம் ஆற்றோரமாக ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

1869 அக்டோபர் 11 அன்று ஓர் அளவைக் குழு ஆந்த்ரே நோ என்பவரின் புல்வெளிக்குள் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தது. அவருடைய உறவினர் லூயி ரியெல், ஆயுதமில்லாத பத்துப் பதினைந்து பேரோடு வந்து அந்தச் சங்கிலியை மிதித்து நின்றார். அளவை நின்றது. அங்கே தொடங்கிய எதிர்ப்பு தற்காலிக அரசாக வளர்ந்து, 1870இல் மானிட்டோபா தனி மாகாணமாக உருவாவதில் போய் முடிந்தது. சிவப்பாற்றின் இரு கரைகளிலும் இன்றைய தாள்களில் சதுரங்களுக்கு நடுவே ஆற்றை நோக்கி நிற்கும் நீளத் துண்டுகள் இருப்பது, அந்த மக்கள் விட்டுக்கொடுக்காததால்.

பதினைந்து ஆண்டு கழித்து அதே சச்சரவு மேற்கே தெற்குச் சஸ்காட்சுவான் ஆற்றங்கரையில், பட்டோஷ் ஊரில் மறுபடி எழுந்தது. மானிட்டோபாவிலிருந்து அங்கே நகர்ந்து போன மேட்டி குடும்பங்கள் தங்கள் நீளத் துண்டுகளுக்கு உரிமை கேட்டு மனு மேல் மனுவாக அனுப்பியும் ஒட்டாவா இழுத்தடித்தது. 1885இல் போர் மூண்டது. பட்டோஷ் வீழ்ந்தது. ரியெல் அந்த ஆண்டு நவம்பரில் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார்.

எண்ணுக்குள் இருக்கும் உடைமை

தலப்படத்தில் செக்‌ஷன் எண் வெறும் எண்ணாகத் தெரியும். ஆனால் முதலில் அந்த நிலம் யாருக்குப் போனது என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

நிலத்தை விற்றபோது ஹட்சன் பே கம்பெனி, வளமான பகுதியில் இருபதில் ஒரு பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டது. 36 செக்‌ஷனில் இருபதில் ஒரு பங்கு என்றால் 1.8. அதனால் ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 8ஆம் செக்‌ஷன் முழுவதும், 26ஆம் செக்‌ஷனில் முக்காலும் கம்பெனிக்கு. ஐந்தாவது டவுன்ஷிப்பில் மட்டும் 26 முழுவதும். ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சரியாக 1.8. 11ஆம் செக்‌ஷனும் 29ஆம் செக்‌ஷனும் பள்ளிக்கூடங்களுக்கு. அவற்றை விற்று வரும் பணம் கல்விக்குப் போகும். 1881இல் கனடியன் பசிபிக் ரயில்வேக்கு இரண்டரைக் கோடி ஏக்கர் மானியமாகக் கொடுக்கப்பட்டபோது ரயில் பங்குக்கு ஒற்றைப்படை எண்கள் போயின. மிஞ்சிய இரட்டைப்படை செக்‌ஷன்களே குடியேறுவோருக்கு.

1872ஆம் ஆண்டு டொமினியன் நிலச் சட்டப்படி பத்து டாலர் கட்டிய ஓர் ஆண் 160 ஏக்கர் குவார்ட்டரைப் பதிந்துகொள்ளலாம். மூன்று ஆண்டு குடியிருந்து, வீடு கட்டி, குறிப்பிட்ட ஏக்கரை உழுது காட்டினால் பட்டா. குடும்பத் தலைவியாக இருந்தாலொழியப் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. சட்டத்தின் கண்ணில் எல்லாக் குவார்ட்டரும் ஒன்றுதான். பழுப்புக் கோடும் நீலப் புள்ளியும் அப்படிச் சொல்லவில்லை. டச்வுட் குன்றுகளில் ஒருவருக்குக் கிடைத்த 160 ஏக்கரில் ஐந்தாறு குளங்களும் ஒரு மேடும் இருக்கும். ரெஜைனா சமவெளியில் இன்னொருவர் வேலிக்கு வேலி உழலாம். இருவரும் கட்டியது அதே பத்து டாலர்.

சதுரத்தை ஏற்காதவர்களும் வந்தார்கள். 1870களில் ரஷ்யாவிலிருந்து மானிட்டோபாவுக்கு வந்த மென்னோனைட் மக்கள், வீடுகளை ஒரே தெருவில் கட்டிக்கொண்டு வயல்களைச் சுற்றிலும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள். தங்கள் குவார்ட்டர்களைப் பதிந்துகொண்டு, பிறகு ஊர் கூடி அவற்றை ஒன்றாக்கி மறுபடி பிரித்துக்கொண்டார்கள். நொய்பெர்க்தால் போன்ற ஊர்கள் தாளில் தெருவின் இருபுறமும் கட்டடங்கள் நெருங்கி நிற்க, அக்கம் பக்கத்துச் சதுரங்களிலிருந்து தனித்துத் தெரிகின்றன. மற்ற இடங்களில் அரை மைலுக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும் கறுப்புப் புள்ளிகளுக்கும் இந்தத் தெருவுக்கும் உள்ள வேறுபாடு, பக்கத்து வீட்டாரோடு பேசி வாழ்ந்த வாழ்க்கைக்கும் தனித்துக் கழித்த குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாடு.

உருண்டை பூமியும் ஊர் வரிசையும்

சமவெளிச் சாலையில் வடக்கே போகிறவர் 24 மைலுக்கு ஒரு முறை ஒரு முட்டுச்சந்தைச் சந்திப்பார். சாலை பக்கவாட்டில் சற்றுத் திரும்பி, மறுபடி வடக்கே நேராகும். காரணம் பூமியின் வடிவம். தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குகின்றன. சதுரங்களின் பக்கங்களும் நெருங்கத்தான் வேண்டும். அப்படியே விட்டால் வடக்கே இருப்பவருக்கு நிலம் குறைந்துகொண்டே போகும். அதனால் நான்கு டவுன்ஷிப்புக்கு ஒரு முறை திருத்தக் கோடு ஒன்றைப் போட்டு, அங்கே இடைவெளியைப் புதிதாக ஆறு மைலுக்கு அளந்தார்கள். ஐம்பதாம் பாகை அருகே 24 மைலில் ஒரு டவுன்ஷிப்பின் அகலம் இருநூறு அடிக்கு மேல் சுருங்கிவிடும். மெரிடியனிலிருந்து மேற்கே போகப் போக இந்தப் பிசகு கூடிக்கொண்டே வரும். சாலை நகரும் தூரமும் கூடும்.

நான்காம் மெரிடியன் இன்னொரு வேலையும் பார்த்தது. 1905இல் சஸ்காட்சுவானும் ஆல்பர்ட்டாவும் மாகாணங்களானபோது அதுவே எல்லையாயிற்று. 1903இல் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் அந்தக் கோட்டின் மேலேயே அமைத்திருந்த லாய்ட்மின்ஸ்டர் ஊர் இரண்டு மாகாணங்களாகப் பிளந்தது. 1930இல் இரண்டு பாதியும் ஒரே நகராட்சியாகச் சேர்க்கப்பட்டன. ஆனால் மாகாண எல்லை இன்றும் ஊர் நடுவே போகிறது.

டச்வுட் பகுதியில் குறுக்கே சாய்வாக ஓடும் கறுப்புக் கோடு கிராண்ட் ட்ரங்க் பசிபிக் ரயில் பாதை. 1908 வாக்கில் போடப்பட்டது. அதன் மேல் இருக்கும் ஊர்ப் பெயர்களைக் கிழக்கிலிருந்து மேற்காகப் படித்தால் ஆங்கில அகரவரிசை வரும்: ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெலிஹர், லெஸ்டாக். பிறகு பன்னிச்சி, குவின்டன், ரேமோர், செமன்ஸ், டேட். கடைசியில் வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா. வரிசை தீர்ந்ததும் ஆலன், பிராட்வெல் என்று மறுபடி முதலெழுத்திலிருந்து தொடங்குகிறது. ரயில் கம்பெனி ஊர்களை வரிசையாக நட்டுக்கொண்டே போன வேகம் இந்தப் பெயர்களில் பதிந்திருக்கிறது. இரண்டு ஊர்களுக்கு இடையே சில மைல்தான். குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிவரும் உழவர் ஒரே நாளில் வந்து இறக்கிவிட்டு வீடு திரும்பவேண்டும் என்பது அன்றைய கணக்கு.

ஒவ்வொரு ஊரிலும் தானியம் சேமிக்கும் மர எலிவேட்டர்கள் வானளாவ நின்றன. 1930களில் கனடாவின் மூன்று சமவெளி மாகாணங்களிலும் சேர்த்து 5,700க்கும் மேல். மரமில்லாத சமவெளியில் தொலைவிலிருந்தே ஊரைக் காட்டியவை அவைதான் என்பதால், தலப்படத்தில் எலிவேட்டருக்குத் தனி அடையாளமே உண்டு. பிறகு லாரி வந்தது, பெரிய கான்கிரீட் கிடங்குகள் வந்தன. 1995இல் தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை முடிந்ததும் கிளைப் பாதைகள் பல மூடப்பட்டன. பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிட்டால் ரயில் கோடு இருந்த இடத்தில் வெறும் தடம் மட்டும் இருக்கும். அதன் ஓரத்து ஊர்கள் சிலவற்றில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும். 1936இல் சஸ்காட்சுவானில் பண்ணைகள் ஏறத்தாழ 1,42,000. 2021 கணக்கெடுப்பில் சுமார் 34,000. ஒரு செக்‌ஷனுக்கு நான்கு குடும்பம் என்று போட்ட கணக்கு, பல செக்‌ஷனுக்கு ஒரு குடும்பம் என்றாகிவிட்டது.

கோடுகளுக்கு இடையே

சதுரங்களுக்கு நடுவே சாலைக்கென்று ஒரு சங்கிலி அகலம், அதாவது 66 அடி, விட்டுவைத்தார்கள். மானிட்டோபாவின் தெற்கில் இருந்த பழைய முறையில் ஒன்றரைச் சங்கிலி. சஸ்காட்சுவானின் பெரும்பகுதியில் வடக்குத் தெற்குச் சாலை மைலுக்கு ஒன்று. கிழக்கு மேற்குச் சாலை இரண்டு மைலுக்கு ஒன்று. பல இடங்களில் அந்த நிலம் ஒதுக்கியதோடு சரி. சாலை போடப்படவே இல்லை.

1885க்குப் பிறகு நிலமிழந்த மேட்டி குடும்பங்கள் பல அந்த 66 அடிக் கீற்றில்தான் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். யாருடைய குவார்ட்டரிலும் சேராத நிலம் அது ஒன்றுதான். ‘சாலை ஒதுக்கீட்டு மக்கள்’ என்ற பெயரே அவர்களுக்கு வந்தது. நிலவரி கட்டாததால் பல இடங்களில் அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவில்லை.

1930களின் வறட்சியில் மேல்மண் புழுதியாகப் பறந்தபோது, 1935இல் அரசாங்கம் சமவெளிப் பண்ணை மறுவாழ்வு நிர்வாகத்தை அமைத்தது. தலப்படத்தில் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒழுங்கான நீலச் செவ்வகங்களாகத் தெரியும் தோண்டு குளங்களில் பலவற்றுக்கு அந்த நிர்வாகத்தின் உதவி கிடைத்தது. வீட்டைச் சுற்றி மூலை மடக்கிய பச்சைக் கீற்றுகளாகத் தெரியும் காற்றுத்தடுப்பு மரவரிசைகளுக்கு, 1901இல் இந்தியன் ஹெட் ஊரில் அரசாங்கம் அமைத்த நாற்றங்காலிலிருந்து கன்றுகள் இலவசமாகப் போயின. 2013 வரை அங்கிருந்து கோடிக்கணக்கான கன்றுகள் சமவெளி முழுவதும் நடப்பட்டன. உழவுக்கு ஆகாத மணற்பாங்கு நிலங்களை அதே மறுவாழ்வு நிர்வாகம் பொது மேய்ச்சல் நிலமாக மாற்றியது. மண்ணைக் காத்த திட்டம் அது. மானிட்டோபாவின் மேற்கோரத்தில் இருந்த சேன்ட் மாடலின் என்ற மேட்டி ஊர் 1930களின் இறுதியில் அத்தகைய மேய்ச்சல் நிலத்துக்காகவே அழிக்கப்பட்டது. வரி பாக்கி இருந்தவர்களுக்கு மாற்று நிலமில்லை. வீடுகள் எரிக்கப்பட்டன. நாய்கள் சுடப்பட்டன. ‘பொது மேய்ச்சல் நிலம்’ என்று தாளில் அச்சான எழுத்துகளின் கீழே ஓர் ஊரின் கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது.

சதுர வலை முற்றாக நின்றுபோகும் இடங்கள், பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ்கள். 1874 செப்டம்பரில் கப்பெல் ஏரிக்கரையில் க்ரீ, சோட்டோ தலைவர்களும் அரசாங்கமும் செய்துகொண்ட நான்காம் உடன்படிக்கை, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்று நிலம் ஒதுக்கச் சொன்னது. டச்வுட் குன்றுகளில் கோர்டன், மஸ்கோவெக்வன், டே ஸ்டார், கவகட்டூஸ் என்று நான்கு ரிசர்வ்கள் அமைந்தன. தாளில் அவற்றின் எல்லைக்கு வந்ததும் மைல் சாலைகள் முடிந்துவிடுகின்றன. உள்ளே வண்டித்தடங்கள் குளங்களையும் மேடுகளையும் சுற்றிக்கொண்டு போகின்றன. அந்தப் பகுதியில் பழுப்புக் கோட்டோடு சேர்ந்து வளையும் சாலைகளை இங்கேதான் அதிகம் பார்க்கலாம்.

உழவை மேற்கொள்ள அந்த மக்கள் தயங்கவில்லை. 1889 முதல் ஹேட்டர் ரீட் என்ற அதிகாரி, ரிசர்வ் நிலத்தைத் தலைக்கு நாற்பது ஏக்கர் துண்டுகளாக வெட்டி, இயந்திரமில்லாமல் கைக்கருவியாலேயே விவசாயம் செய்யவேண்டும் என்று விதித்தார். வேலிக்கு அப்பால் குடியேறிகள் அறுவடை இயந்திரம் ஓட்டிய காலம் அது. 1885க்குப் பிறகு ரிசர்வை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டும் வேண்டியிருந்தது. பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பன்னிச்சிக்கு அருகில் இருந்த கோர்டன் பள்ளி 1996இலும், லெஸ்டாக்குக்கு அருகில் இருந்த மஸ்கோவெக்வன் பள்ளி 1997இலும்தான் மூடப்பட்டன. தலப்படத்தில் அவை சிறிய கறுப்புக் கட்டங்கள்.

சதுர வலை தண்ணீரில் மூழ்கிய இடமும் உண்டு. வின்யார்ட் தாளின் வடபகுதியில் குவில் ஏரிகள் இருக்கின்றன. வெளியேற வழியில்லாத உப்பு ஏரிகள். 2005க்குப் பிறகு மழை மிகுந்த ஆண்டுகள் தொடர்ந்து வந்ததில் நீர்மட்டம் பல மீட்டர் உயர்ந்து, தனித்தனியாக இருந்த ஏரிகள் ஒன்றோடொன்று கலந்தன. செக்‌ஷன் கோடுகளும் மைல் சாலைகளும் நேராகத் தண்ணீருக்குள் போகின்றன. பட்டா வைத்திருந்த உழவர்களின் வயல்கள் உப்புநீரில் மூழ்கின. அருகிலுள்ள குளங்களை வடித்து நிலமாக்கியதால் வந்த நீரும் இதில் சேர்ந்தது என்ற வழக்கு அக்கம் பக்கத்துப் பண்ணைக்காரர்களிடையே இன்னும் தீரவில்லை. பழைய அச்சுத் தாளை வைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போகிறவருக்கு ஏரிக்கரை இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது.

மறுபடி ரிசர்வ்களுக்கு வந்தால், உடன்படிக்கை சொன்ன அளவுக்குப் பல ரிசர்வ்களில் நிலம் கொடுக்கப்படவில்லை என்பதை ஒட்டாவாவும் சஸ்காட்சுவான் மாகாணமும் 1992இல் ஒப்புக்கொண்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் இருபதுக்கும் மேற்பட்ட பழங்குடிச் சமூகங்களோடு ஒப்பந்தமானது. நிலத்துக்குப் பதில் பணம் கொடுக்கப்பட்டது. விற்க முன்வருபவரிடம் வாங்கிய நிலத்தை ரிசர்வாக மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு வரும் படங்களில் ரிசர்வ் நிலம் ஒரே தொகுதியாக இல்லாமல், இங்கே ஒரு குவார்ட்டர், அங்கே அரை செக்‌ஷன் என்று சிதறி விழுகிறது. ஒரு காலத்தில் குடியேறிகளுக்கென்று ஒதுக்கிய இரட்டைப்படை செக்‌ஷன்களும், ரயிலுக்குப் போன ஒற்றைப்படை செக்‌ஷன்களும் அவற்றில் உண்டு. வாங்கும் பத்திரத்தில் எழுதப்படும் முகவரி அதே பழைய முறைதான்: குவார்ட்டர், செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், இரண்டாம் மெரிடியனுக்கு மேற்கே.